பாலத்துக்காரி

நகராதே கண்ணு, நகராதே. நீ ஜன்னலோரமே இரு. உனக்குக் காத்து வேணும், பாத்தாலே தெரியுது. நான் இந்த ஓரத்துல ஒட்டிக்கறேன். பையை மடில வெச்சுக்கிட்டா சத்தி என்ன, தாளவாடி வரைக்கும்கூட உக்காந்துட்டுப் போயிருவேன்.

கண்டக்டர் தம்பி, சத்தி ரெண்டு குடுப்பா. என்னது? நீ புளியம்பட்டியா? மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல அம்மிணி. சரி தம்பி, சத்தி ஒன்னு, புளியம்பட்டி ஒன்னு. இந்தக் காலத்துப் பிள்ளைக வாயைத் தொறந்து ஒன்னும் சொல்றதில்லை, அப்பறம் பெரியவங்க தப்புப் பண்ணிப்போட்டாங்கன்னு மூஞ்சியத் தூக்கிக்கறது.

சத்தியமங்கலத்துல எங்க அக்கா இருக்கா. அவளுக்கு முட்டி வலி, பாக்கப் போறேன்னு அப்பார்ட்மெண்ட்டு முழுக்கச் சொல்லிப்போட்டு வந்திருக்கேன். வாட்ச்மேன்கிட்ட சொன்னேன், ரெண்டாவது மாடி மோகனாகிட்ட சொன்னேன், கீரை கொண்டுவர்றவகிட்டக்கூடச் சொன்னேன். முட்டி வலி நெசந்தான். அது அவளுக்கு எத்தனையோ வருஷமா இருக்குது. அதுக்குன்னு நான் ஒரு தடவை போனதில்லை. உன்கிட்டச் சொல்றதுக்கு என்ன, நீ புளியம்பட்டில எறங்கிப் போயிருவே, அப்பறம் உன்னை நான் எங்க பாக்கப்போறேன். அந்தக் கட்டடத்துல எனக்கு மூஞ்சியக் காட்ட முடியல கண்ணு. ஒரு வாரமா நான் லிப்டுல போறதில்லை. நாலு மாடியும் படிதான். லிப்டுல ஏறுனா ஆராச்சும் ஒருத்தர் வருவாங்க. வந்தா சிரிப்பாங்க. சிரிக்காம மூஞ்சியத் திருப்பிக்கிட்டா அது இன்னும் மோசம்.

எதுக்குன்னு கேக்கறே. சொல்றேன், இரு.

எங்க ஊட்டுக்காரரு பேரு தெய்வசிகாமணி. பம்புசெட்டுக் கம்பெனில இருந்து ரிடையர் ஆனவரு. நல்ல மனுசன். ஒரு கெட்ட பழக்கம் கெடையாது. பேசமாட்டாரு, அதொன்னுதான் குறை. ஊட்டுக்கு ஒறம்பரை, சொந்தபந்தம் வந்தா நான்தான் பேசோணும். அவங்க ஊட்டுக்குப் போனாலும் நான்தான். ‘அண்ணா, சௌக்கியமா?’ன்னு கேப்பாங்க. அவரு யோசிச்சு, தொண்டையக் கனைச்சு, வாயைத் தொறக்கறதுக்குள்ள கேட்டவங்க சங்கடப்பட்டுப் போயிருவாங்க. அதனால ‘சௌக்கியந்தான், முதுகு மட்டும் கொஞ்சம் புடிப்பு’ன்னு நான் சொல்லிருவேன். டாக்டர்கிட்டப் போனாலும் அப்படித்தான். வலிக்கறது அவருக்கு, எங்க வலிக்குதுன்னு சொல்றது நான். அந்த டாக்டரே சிரிப்பாரு. ஒரு பொம்பளை இதுக்கு மேல என்ன பண்ணுவா, நீயே சொல்லு. அட, சொல்லவே வேண்டாம், உனக்கே தெரியும்.

நாங்க இப்ப இருக்கற சரவணம்பட்டி ஊடு பையன் வாங்குனது. அவன் குடும்பத்தோட அயர்லாந்து போயிட்டான். ஊட்டைச் சும்மா பூட்டி வெக்க வேண்டாம்னு எங்களை அங்க உக்கார வெச்சுட்டான். எங்க பால்கனிக்கு நேர் கீழ அப்பார்ட்மெண்ட்டு சங்கத்து ஹால். சனிக்கிழமை பொழுதோட நாலு மணி ஆச்சுன்னா அங்க ஏழெட்டுப் பேரு கூடிக்குவாங்க. கூடி என்ன பண்ணுவாங்கன்னு தெரியாது, ஆனா சிரிப்புச் சத்தம் தாங்க முடியாது. ஒருத்தன் ‘ஐயோ போச்சு!’ன்னு கத்துவான். ஒரு பொண்ணு மேசையத் தட்டுவா. நான் டி.வி. பாக்கறதா வேண்டாமா? இவரைக் கூப்பிட்டு, ‘ஏனுங்க, போயி சத்தத்தைக் குறைக்கச் சொல்லிட்டு வாங்க’ன்னேன். எப்படிச் சொல்லோணும், எந்த வார்த்தைல ஆரம்பிக்கோணும்னு சொல்லிக் குடுத்துத்தான் அனுப்புனேன்.

போனவரு வரவே இல்லை. சத்தமும் குறையல. எனக்குப் பயம் வந்துருச்சு. வாயில்லாத மனுசனை அந்தப் பசங்க ஏதாச்சும் சொல்லிப்போட்டாங்களோன்னு எறங்கிப் போனேன். போயிப் பாத்தா, இவரு கைல சீட்டை விசிறி மாதிரி விரிச்சுப் புடிச்சுக்கிட்டு, அவங்க நடுவுல உக்காந்திருக்கறாரு.

‘ஏனுங்க!’ன்னேன்.

நிமிந்து பாத்தாரு. ‘ஒரு ஆளு குறையுதாம்’னாரு.

பக்கத்துல ஒரு பொண்ணு, ஜெனிஃபர்னு பேரு, நாகர்கோவில் பக்கம், கம்ப்யூட்டர் கம்பெனில இருக்குது. அது என்ற கையப் புடிச்சுக்கிட்டு, ‘ஆன்ட்டி, இப்ப கூட்டிட்டுப் போயிராதீங்க. எங்ககிட்ட இருந்த செங்கல் மொத்தத்தையும் அங்கிள் பேரம் பேசி வாங்கிட்டாரு, அதைத் திருப்பி வாங்காம விடமாட்டோம்’னுது. மேசை மேல, பரமபத அட்டை மாதிரி, ஒரு அட்டைத் தீவு. சீட்டுல ஆடு, கோதுமை, செங்கல், மரம்னு படம் போட்டிருக்குது. அதைக் குடுத்து இதை வாங்கி ஊடு கட்டோணுமாம். பேரம் பேசுனாருன்னு அது சொன்னதுதான் எனக்கு நம்ப முடியல. கத்திரிக்காய்க்குப் பேரம் பேசத் தெரியாத மனுசன் கண்ணு. சந்தைல நான் பேசுவேன், அவரு பை புடிப்பாரு.

காசு வெச்சு ஆடலயேன்னு மொதல்ல கேட்டுக்கிட்டேன். இல்லைன்னாங்க. சரி, போய்த் தொலையட்டும்னு விட்டுட்டேன். அது ஒரு பழக்கமா ஆகிப்போச்சு. சனிக்கிழமை மத்தியானமே சட்டையை அயர்ன் பண்ணி வெச்சுக்குவாரு. எங்க தங்கச்சி மக கல்யாணத்துக்குக்கூட நான் சொல்லித்தான் அயர்ன் பண்ணுனாரு.

நானும் நாலஞ்சு தடவை முறுக்கு, வடைன்னு ஏதாச்சும் எடுத்துட்டுப் போயி அங்க உக்காந்து பாத்தேன். அந்த ஜெனிஃபர் தனியா ரூம் எடுத்து இருக்குது. வாரத்துல அஞ்சு நாளும் கம்ப்யூட்டரோட மட்டுந்தான் பேசுவேன் ஆன்ட்டின்னுச்சு. ஒரு பல் டாக்டரம்மா வரும், மூணாவது மாடி. அது புருசன் கப்பல்ல வேலை. அர்ஷத்னு ஒரு பையன். அவனுக்குத் திக்குவாய். பேரு சொல்றதுக்கே மூச்சு முட்டும். ஆனா பின்னால ஒரு கதை ஆட்டம் ஆடுனாங்க, அதுல அவன் தளபதி. தளபதியாப் பேசறப்ப ஒரு எழுத்துத் திக்காது. எப்படிடான்னு கேட்டேன். ‘இங்க யாரும் அவசரப்படுத்தமாட்டாங்க ஆன்ட்டி’ன்னான்.

அங்க ஒரு சட்டம் இருக்குது. ஒவ்வொருத்தருக்கும் முறை வரும். முறை வந்தவங்க பேசறப்ப மத்தவங்க வாயைத் தொறக்கக்கூடாது. எத்தனை நேரம் யோசிச்சாலும் காத்துட்டு இருக்கோணும். எனக்கு அதுதான் புடிக்கல. எங்க ஊட்டுக்காரரு சீட்டைப் பாத்துட்டு, மோட்டுவளையப் பாத்துட்டு, தாடையச் சொறிஞ்சுட்டு இருப்பாரு. எனக்கு என்ன போடோணும்னு பளிச்சுன்னு தெரியும். ‘ஆட்டைக் குடுங்க, ஆட்டைக் குடுங்க’ன்னு நான் சொன்னா, அந்தப் பல் டாக்டரம்மா சிரிச்சுக்கிட்டே உதட்டுல வெரலை வெச்சுக் காட்டும். எனக்கு! என்ற புருசனுக்கு நான் சொல்றதுக்கு!

அப்பறம் வேற ஒரு ஆட்டத்துக்கு மாறுனாங்க. அது பேச்சு ஆட்டம். ஒருத்தர் கதை சொல்லுவாங்க, மத்தவங்க அந்தக் கதைக்குள்ள ஆளுக்கொரு வேஷம். ஒருத்தி திருடி, ஒருத்தன் தளபதி, ஒருத்தி மந்திரம் போடறவ. ‘முன்னால ஒரு குகை இருக்குது, என்ன செய்யறீங்க?’ன்னு கதை சொல்றவங்க கேப்பாங்க. இவங்க ‘உள்ள போறோம்’, ‘கல்லெடுத்து எறியறோம்’னு சொல்லோணும். அது நடக்குதா இல்லையான்னு ஒரு பகடை உருட்டுவாங்க. பகடைன்னா நம்ம தாயக்கட்டை மாதிரி இல்லை, கோலிக்குண்டைச் செதுக்குன மாதிரி இருபது பக்கம். ஜெனிஃபர்தான் மொதல்ல கதை சொல்லிட்டு இருந்துச்சு. ஒரு நாள் அதுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. ‘அங்கிள், இன்னிக்கு நீங்க சொல்றீங்களா?’ன்னு கேட்டிருக்குது. அதுக்கப்பறம் அவருதான். கதை சொல்றவருக்கு அங்க மாஸ்டர்னு பேரு. கீழ போனா ‘மாஸ்டர் வரலீங்களா?’ன்னு கேப்பாங்க. பரோட்டா மாஸ்டரைக் கேக்கற மாதிரி இருக்கும் எனக்கு.

ஊட்டுல குளிக்கப் போனாருன்னா உள்ள இருந்து குரல் வரும். ஒரு நாள் கிழட்டு ராஜா மாதிரி, ஒரு நாள் கொழந்தை மாதிரி. நான் பதறிப்போயிக் கதவைத் தட்டி, ‘ஏனுங்க, உள்ள ஆருங்க?’ன்னு கேட்டிருக்கேன்னா பாத்துக்கோ.

எனக்கு மட்டும் ஆசை இருக்காதா? ஊருக்கெல்லாம் கதை சொல்றாரே, நமக்கும் சொல்லட்டும்னு ஒரு நாள் சாப்பிடறப்ப, ‘அப்படி என்னதாங்க கதை? எனக்கும் சொல்லுங்க’ன்னேன். தட்டைப் பாத்துட்டே ஆரம்பிச்சாரு. ‘ஒரு ஆறு’ன்னாரு. ‘காவேரியா?’ன்னேன். ‘இல்ல, ஒரு ஆறு, அதுல...’ன்னாரு. ‘அப்ப பவானியாத்தான் இருக்கோணும். எங்க சின்னப்பா ஒரு தடவை பவானில வெள்ளம் வந்தப்ப...’ன்னு நான் அந்தக் கதையச் சொன்னேன். நல்ல கதை அது, உனக்கும் சொல்றேன் அப்பறம். நான் சொல்லி முடிச்சு, ‘சரி, உங்க கதை என்னாச்சு?’ன்னா, மோர் ஊத்திக்கிட்டு இருக்கறாரு. அவ்வளவுதான் அவரு சொன்ன கதை. ஒரு ஆறு. ஊரார்க்கெல்லாம் ரெண்டு மணி நேரம், கட்டுனவளுக்கு ஒரு ஆறு.

அதுக்கு அடுத்த சனிக்கிழமைதான் நான் காதால கேக்கக் கூடாததைக் கேட்டேன்.

முறுக்கு டப்பாவை எடுத்துட்டுப் போனேன். ஹால் கதவு சாத்தியிருந்துது. செருப்பு விடற எடத்துல ஜன்னல் தொறந்திருந்துது. உள்ள ஒரு பொம்பளைக் குரல். ஆருடா புதுசான்னு எட்டிப் பாத்தா, அவருதான். கையை இடுப்புல வெச்சுக்கிட்டு நிக்கறாரு.

‘நில்லு நில்லு! நீங்கல்லாம் எங்க போறீங்கன்னு எனக்குத் தெரியாதா? அக்கரைக்குத்தானே? மொதல்ல உக்காருங்க. உங்களுக்குப் பசிக்குது.’

அந்த அர்ஷத், ‘அம்மா, எங்களுக்குப் பசி இல்லீங்...’கறான்.

‘பசிக்குது! எனக்குத் தெரியும்! நீ தளபதி, உனக்கு ரெண்டு வாழைப்பழம். இந்தப் பொண்ணு பழம் திங்கமாட்டா, அவளுக்குப் பொரி. ஏன் பேசமாட்டேங்கறீங்க? வாயில்லையா உங்களுக்கு?’

அந்த ஹாலே உருண்டு உருண்டு சிரிக்குது. பல் டாக்டரம்மா கண்ணைத் தொடைக்குது. ‘மாஸ்டர், பாலத்துக்காரியைத் தாண்டவே முடியாது போல’ங்குது ஜெனிஃபர். ஒரு பாலம், அதுக்கு ஒரு காவல்காரி. கேக்கறதுக்கு முன்னால பதில் சொல்றவ. ஒருத்தரையும் பேச விடாதவ.

எனக்கு மொதல்ல சிரிப்புத்தான் வந்துது. இப்படியும் ஒரு பொம்பளையான்னு. அப்பறம் அந்த ‘எனக்குத் தெரியாதா’ இருக்குதில்ல, அதுல கடைசில ஒரு இழுப்பு இழுத்தாரு. தெரியாதாஆ. அந்த இழுப்பை நான் எங்கயோ கேட்டிருக்கேனேன்னு யோசிச்சேன். எங்க கேட்டிருக்கேன்? என்ற தொண்டைலதான்.

முறுக்கு டப்பாவோட திரும்பி வந்துட்டேன். அன்னைக்கு லிப்டு கண்ணாடில என்ற மூஞ்சியப் பாக்கறதுக்கே எனக்குக் கூச்சமா இருந்துது கண்ணு. துணி நழுவுனது தெரியாம கடைவீதில நடந்துட்டு, ஊட்டுக்கு வந்து பாத்த மாதிரி.

மூணு நாளு நான் பேசல. ஒரு வார்த்தை பேசல. அவரு கவனிப்பாருன்னு பாத்தேன். கவனிச்ச மாதிரியும் தெரியல. என்ன பண்ணுனாரு தெரியுமா? பேச ஆரம்பிச்சுட்டாரு. பால்கனில நின்னுட்டு, ‘வேப்பமரத்துல ஒரு கொம்பு ஒடிஞ்சிருக்குது பாரு’ங்கறாரு. ‘பையனுக்கு அங்க குளிர் ஆரம்பிச்சிருக்கும்’கறாரு. ஒரு நாள் ராத்திரிச் சோறு திங்கறப்ப, கம்பெனில கூட வேலை பாத்த ஆரோ ஒருத்தன் கிளி வளத்த கதையச் சொன்னாரு, முழுசா. நான் வாயே தொறக்கல. தப்புப் பண்ணுனவங்க அப்படித்தான், மனசு குறுகுறுக்கறப்ப வளவளன்னு பேசுவாங்க. எனக்குத் தெரியாதா?

அடுத்த சனிக்கிழமை நானும் கூடவே கீழ போயி, ‘நானும் ஆடறேன்’னு உக்காந்துட்டேன். பிள்ளைகளுக்கு ஒரே சந்தோசம். ஜெனிஃபர் நாற்காலி எடுத்துப் போட்டுச்சு. எனக்கு வைத்தியச்சி வேஷம் குடுத்தாங்க. அவரு மூஞ்சியப் பாத்தேன். காதெல்லாம் செவந்து கெடந்துது.

கதை ஆரம்பிச்சுது. மலை எறங்கறாங்க, காட்டுல வழி தப்பறாங்க. அந்த அர்ஷத், ‘நாம பாலத்துக்கே போவோம்’கறான். எதுக்குன்னா, அவங்களுக்கு அந்தப் பாலத்துக்காரியப் பாக்கோணும். வாரா வாரம் எப்படியாச்சும் சுத்தி அங்கதான் வந்து நிப்பாங்களாம். ‘கூப்பிடுங்க மாஸ்டர், அந்த அம்மாவைக் கூப்பிடுங்க!’ன்னு மேசையத் தட்டுறாங்க. பாவம், அதுகளுக்குத் தெரியாது.

அவரு தண்ணி குடிச்சாரு. ‘இன்னிக்குப் பாலத்துல ஆரும் இல்லை’ன்னாரு.

‘ஐயோ, ஏன் மாஸ்டர்?’ங்குதுக எல்லாம்.

‘ஏன் இல்லை? கூப்பிடுங்க. நானும் அவளைப் பாக்கோணும்’னேன் நான்.

அவரு என்னைப் பாத்தாரு. மெதுவாச் சொன்னாரு, ‘சம்பூரணம், உன்ற முறை இன்னும் வரலை.’

அத்தனை பேரு முன்னால கண்ணு. முறை வரலையாம். சும்மா ஆட்டத்துச் சட்டத்தைத்தான் சொன்னாரு, இப்பத் தெரியுது. அப்ப எனக்குத் தலைக்கு ஏறிப்போச்சு. எந்திரிச்சு நின்னுட்டேன். ‘மாஸ்டராம் மாஸ்டர்! இவரு ரிடையர் ஆன அன்னைக்கு என்ன நடந்துதுன்னு உங்களுக்குத் தெரியுமா? மேடைல மைக்கைக் குடுத்து நாலு வார்த்தை பேசுங்கன்னா, பேச வராம, முந்நூறு பேரு முன்னால மைக்கைப் புடிச்சுக்கிட்டுக் கொழந்தை மாதிரித் தேம்பித் தேம்பி அழுதவரு இவரு. நான் மேடையேறிப் போயி, அந்த மைக்கை வாங்கி, எம்.டி.க்கு நன்றி, யூனியனுக்கு நன்றி, கேண்டீன்காரருக்கு நன்றின்னு அத்தனையும் சொல்லி மானத்தைக் காப்பாத்துனேன். அந்தப் பாலத்து வாயாடி நான் இல்லைன்னா இவரு கதி என்னன்னு கேளுங்க!’

சொல்லி முடிச்சதும்தான் எனக்கே கேட்டுது நான் சொன்னது. ஒருத்தரும் சிரிக்கல. அர்ஷத் தலையக் குனிஞ்சு பகடையவே பாத்துட்டு இருந்தான். அவன் காது மடல்கூடச் செவந்துபோச்சு. அவனைப் பத்தி நான் ஒன்னும் சொல்லல, ஆனா அவனை அடிச்ச மாதிரி உக்காந்திருந்தான்.

அவரு கோபப்படல. கோபப்பட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். பால் தீந்துபோச்சுன்னு சொல்ற மாதிரி சாதாரணமாச் சொன்னாரு. ‘அழுதேன், நெசந்தான். அழுது முடிச்சுட்டுப் பேசலாம்னுதான் நின்னுட்டு இருந்தேன். அதுக்குள்ள நீ வந்து மைக்கை வாங்கிட்டே.’

அதோட விட்டிருக்கலாம். விடல. மேசை மேல இருந்த பகடைய எடுத்து எனக்கு முன்னால வெச்சாரு. ‘இப்ப உன்ற முறை. சொல்லு, என்ன செய்யறே?’

அத்தனை பேரும் என்னைப் பாக்கறாங்க. ஒருத்தர் வாயைத் தொறக்கல. சட்டமாச்சே. காத்துட்டு இருக்கறாங்க. அப்படி ஒரு அமைதிய நான் பொறந்ததுல இருந்து பாத்ததில்லை. பாலம் இருக்குது, ஆறு இருக்குது, ஏதோ ஒன்னு சொல்லோணும், ஒன்னும் வரல. ஆராச்சும் எனக்குப் பதிலா ஒரு வார்த்தை சொல்லமாட்டாங்களான்னு இருந்துது கண்ணு.

வெளிய வந்துட்டேன். வந்த வேகத்துல ஒரு கால்ல என்ற செருப்பு, இன்னொரு கால்ல பல் டாக்டரம்மா செருப்பு. வாட்ச்மேன் சிரிச்சான். எதுக்குச் சிரிக்கறான்னு நாலாவது மாடி போய்த்தான் தெரிஞ்சுது.

அவரு மேல வந்தாரு, கை கழுவுனாரு, சாப்பிட்டாரு. என்னால பொறுக்க முடியல. ‘அன்னைக்கு மேடைல அப்படி என்னதான் பேசறதா இருந்தீங்க?’ன்னு கேட்டேன்.

‘மறந்துபோச்சு’ன்னாரு.

‘எம்.டி.க்கு, யூனியனுக்கு, அதுதானே? நான் சொன்னதேதானே?’

‘இல்ல’ன்னாரு. தட்டை எடுத்துட்டுப் போயி அவரே கழுவி வெச்சாரு.

மறந்திருக்காது கண்ணு. நாலு வருஷந்தான் ஆச்சு. அதை எனக்குச் சொல்றதுக்கு அவருக்கு மனசில்லை, அவ்வளவுதான். அந்த ராத்திரி பூரா நான் அதையே நெனச்சுட்டுக் கெடந்தேன். என்ன சொல்லியிருப்பாரு? அந்தக் கேண்டீன்காரரை விட்டுருப்பாரா? என்ற பேரு அதுல வந்திருக்குமா? நான் மைக்கை வாங்குனப்ப எல்லார்த்துக்கும் நன்றி சொன்னேன், எனக்கு ஆரு சொல்லுவா, நானே எப்படிச் சொல்லிக்கறது? இதையெல்லாம் ஆருகிட்டப் போயிக் கேக்கறது?

வியாழக்கிழமை ஜெனிஃபர் வந்துச்சு, என்ற ஒத்தைச் செருப்பை ஒரு பைல போட்டு எடுத்துக்கிட்டு. எனக்கு அது மூஞ்சியப் பாக்க முடியல. அது பாட்டுக்கு உள்ள வந்து உக்காந்துக்கிச்சு. ‘ஆன்ட்டி, அந்தப் பாலத்துக்காரி யாருன்னு எங்களுக்குச் சத்தியமாத் தெரியாது. தெரிஞ்சிருந்தா சிரிச்சிருக்கமாட்டோம்’னுச்சு. அப்பறம் சொல்லுது, ‘ஆனா நீங்க வெளிய எங்கயோ நின்னு பாதிதான் கேட்டிருப்பீங்க போல. அந்தப் பாலத்துல பாதிப் பலகை உளுத்தது ஆன்ட்டி. எந்தப் பலகைல கால் வெக்கலாம்னு அவங்க ஒருத்தருக்குத்தான் தெரியும். திட்டிக்கிட்டே எங்களை ஒவ்வொருத்தரா கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி அக்கரைல விட்டாங்க. எங்க யாரையும் விழ விடல. எங்களுக்கு அந்தக் கதைல ராஜாவைவிட அவங்களைத்தான் புடிக்கும். கடைசில அவங்க மட்டும் தனியா இக்கரைக்குத் திரும்பிப் போனாங்க. அவங்களும் எங்ககூட வந்தா என்னன்னு கேட்டேன். அங்கிள் ரொம்ப நேரம் யோசிச்சுட்டு, அவகிட்ட அதை யாரும் இதுவரைக்கும் கேட்டதில்லைன்னாரு.’

சமாதானத்துக்குச் சொல்லுது அந்தப் பிள்ளை. நல்ல பிள்ளை. ஆனா பொய் சொல்லத் தெரியாது, பாதில அதுக்கே கண்ணு கலங்கிப்போச்சு. நான் காபி போடறேன்னு எந்திரிச்சேன். அப்பத்தான் கேட்டுச்சு, ‘ஆன்ட்டி, அங்கிள் சனிக்கிழமை வருவாரா?’

வரமாட்டாருன்னு நாக்கு நுனிக்கு வந்துருச்சு. இல்லை, வருவாருன்னு சொல்லலாமா? எது சரி? வாயைத் தொறந்தேன். ‘எனக்குத் தெரியாது கண்ணு, அவரையே கேளு’ன்னேன். அவரைப் பத்தி ஒருத்தர் கேட்டு, எனக்குத் தெரியாதுன்னு நான் சொன்னது அதுதான் மொதல் தடவை. கட்டுன புருசனைப் பத்தித் தெரியாதுங்கறது எத்தனை பெரிய வெக்கம், நீயே சொல்லு.

அந்த நேரம் பாத்து அவரு பால் பாக்கெட்டோட உள்ள வர்றாரு. அது எந்திரிச்சு அவருகிட்டக் கேக்குது. நான் அங்க நின்னா சும்மா இருப்பனா? சமையக்கட்டுக்குள்ள போயி மிக்ஸிய ஓட விட்டுட்டேன். உள்ள ஒன்னும் போடல, வெறும் ஜாரு. அந்தப் பிள்ளை போற வரைக்கும் ஓட்டிட்டே இருந்தேன். அவரு என்ன பதில் சொன்னாருன்னு இந்த நிமிஷம் வரைக்கும் எனக்குத் தெரியாது.

இன்னிக்குச் சனிக்கிழமை. நான் அங்க இருந்தா அவருக்கும் சங்கடம், பிள்ளைகளுக்கும் சங்கடம். அதான் அக்கா முட்டியச் சாக்கு வெச்சுக் கெளம்பிட்டேன். பையைத் தூக்கிட்டு ஸ்டாப்பு வரைக்கும் வந்தாரு. ஏதோ சொல்றதுக்கு வாயெடுக்கற மாதிரி இருந்துது. ஒரு சத்தி பஸ் வந்துது, நான் ஏறல. வாயை இறுக்கி மூடிட்டு நின்னேன். என்ன பாடு பட்டேன் தெரியுமா, உள்ள அத்தனையும் முட்டுது. இன்னொரு பஸ்ஸும் வந்து போயிருச்சு. அதுக்கப்பறம் சொன்னாரு, ‘எத்தனை நாள் இருப்பே?’

சீக்கிரம் வான்னு சொல்லல. பொறுமையா இருந்துட்டு வான்னும் சொல்லல. எத்தனை நாள்னு கேட்டாரு. அதுக்கு என்ன அர்த்தம்? நான் கேக்கல. ‘தெரியலீங்க’ன்னேன். அதுக்குள்ள இந்த பஸ் வந்துருச்சு. ஏறி உக்காந்துட்டு ஜன்னல் வழியாப் பாத்தா, அங்கயே நின்னுட்டு இருந்தாரு. போயிருப்பாரா ஆட்டத்துக்கு? இப்ப நாலு மணி ஆகியிருக்கும். போன் போட்டா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சுக்கலாம். போடல. ரெண்டு தடவை எடுத்தேன், உள்ள வெச்சுட்டேன், நீ பாத்துட்டுத்தான் இருந்தே.

புளியம்பட்டி வந்துருச்சா? அதுக்குள்ளயா? எந்திரி கண்ணு, பையை எடுத்துக்கோ, குடையை மறந்துராதே. இதையெல்லாம் ஆருகிட்டயும் சொல்லீராதே.

அட சாமி, இத்தனை தூரம் வந்தும் உன்ற பேரைக்கூட நான் கேக்கல பாரு. இரு, நானே சொல்றேன், உன்ற மூஞ்சிக்கு...

இல்லை, வேண்டாம். நீயே சொல்லு.

கண்டக்டர் தம்பி, விசில் அடிக்காதே, செத்த நேரம் நில்லு. இந்தப் பிள்ளை ஏதோ சொல்லுது.